வீட்டருகே புது எறும்பு: இராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளியிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. சுற்றிலும் மணல், பனை, தென்னை, வேலியோரம் உடை மரம், மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். சில வருடங்களுக்கு முன் சித்தியை ஒரு எறும்பு கொட்டி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்ன எறும்பு?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து எறும்பு பார்க்கிறேன். அக்கம்பக்கத்து அக்காமாரும் பள்ளிப் பிள்ளைகளும் தீப்பெட்டிக்குள் எறும்பைப் போட்டுக்கொண்டு வந்து கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எறும்புதானா, வேறு பூச்சியா? முதலில் அதுவே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தலையில் இருக்கும் உணர்கொம்பு. எறும்புக்கு அது நம் முழங்கை மாதிரி நடுவில் மடங்கியிருக்கும். கறையானுக்கு மடிப்பு இல்லாமல், மணி கோத்த சரம் போல நேராக இருக்கும். இரண்டாவது, இடுப்பு. எறும்புக்கு இடுப்பு நூலாகச் சிறுத்து, அதில் சின்ன முடிச்சு ஒன்றோ இரண்டோ இருக்கும். கறையானுக்கு இடுப்பே கிடையாது, உடம்பு ஒரே உருளைதான்.

மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றும் ஈசல் கறையான் வகை. அதன் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம். எறும்புக்கும் இறக்கை முளைக்கும். ஆனால் முன் இறக்கை பெரிதாகவும் பின் இறக்கை சிறிதாகவும் இருக்கும்.

இன்னொரு ஏமாற்றுக்காரரும் உண்டு. தென்னையிலும் மாமரத்திலும், இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருக்கிற இடத்தில், முசுறு போலவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிலந்தி திரியும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். இலையிலிருந்து தட்டிவிட்டால் நூல் விட்டுத் தொங்கும். எறும்பு தொங்காது, விழும். முதல்முறை அது என் கண் முன்னே நூலில் இறங்கியபோது அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

எறும்புதான், சரி. பெயர் கண்டுபிடிக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். "சிவப்பா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் எதுவும் சொல்ல முடியாது. நம் கடலோரத்தில் சிவப்பு என்று சொல்லத்தக்க எறும்பே பல வகை. நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. ஸ்கேல் இல்லையென்றாலும் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், எள் 3, சீரகம் 5. "கடுகை விடச் சின்னது", "சீரகம் அளவு", "அரிசியைப் போல இரண்டு மடங்கு" என்று குறித்தாலே பாதி எறும்புகள் கழிந்துவிடும். கூட்டத்தில் எல்லாம் ஒரே அளவா, இல்லை நடுநடுவே பெரிய தலைக்காரர்கள் இருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது இடுப்பு முடிச்சு. ஒரு முடிச்சா, இரண்டா? எறும்பு படித்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஏனென்றால் எறும்புக் குடும்பத்தின் பெரிய பிரிவுகள் இதில்தான் பிரிகின்றன. கட்டெறும்பு, முசுறு, பிள்ளையார் எறும்பு எல்லாம் ஒரு முடிச்சுக்காரர்கள். இவற்றுக்குக் கொடுக்கு கிடையாது. கடித்து அமிலம் பீய்ச்சும், அவ்வளவுதான். நெருப்பெறும்புக்கும், எங்கள் சித்தியைக் கொட்டிய எறும்புக்கும் இரண்டு முடிச்சு, வாலில் கொடுக்கு. ஒரு முடிச்சு இருந்தால் கொட்டவே கொட்டாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முடிச்சும் கொடுக்கும் சேர்ந்த கறுப்பு எறும்பு ஒன்றும் நம் பக்கம் உண்டு. அது கீழே வருகிறது.

அப்புறம் நடை. வரிசையாகப் போகிறதா, தனியாளாக மரத்தில் ஏறி இறங்குகிறதா, திசையில்லாமல் தாறுமாறாக ஓடுகிறதா? செத்த எறும்பின் படத்தில் நடை தெரியாது. அதனால்தான் நசுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்கிறேன்.

கடைசியாக இடமும் நேரமும். மரமா, மணலா, சுவர் வெடிப்பா, அடுப்படியா? காலையா, இரவா? கோடையில் நம் மணல் பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். நடுப்பகலில் தேடிவிட்டு எறும்பே இல்லை என்று சொல்கிறவர்கள் விடிகாலையில் வந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு சின்ன உயிரின் இடுப்பில் முடிச்சை எப்படி எண்ணுவது?

மூடி போட்ட சின்ன டப்பாவில் எறும்பைப் பிடித்து ஃபிரிட்ஜில் சில நிமிடம் வையுங்கள். குளிரில் மந்தமாகிவிடும், சாகாது. வெள்ளைத் தாளில் கொட்டி, பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். பிறகு நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் முடிச்சு தெரியாது, பக்கவாட்டில்தான் மேடு தெரியும். நகை பார்க்கிற லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

தலை கறுப்பு, நடு உடம்பு செங்கல் நிறம், பின்பக்கம் மறுபடி கறுப்பு. வேலி மரத்தில் தனியாக ஓடுகிறது. இது என்ன?

இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா என்பது இதன் அறிவியல் பெயர். ரூஃபோநைக்ரா என்றால் சிவப்பும் கறுப்பும் என்று பொருள். சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன் 1851இல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது இதற்குப் பெயர் வைத்தார். பெரிதாக இருப்பதையெல்லாம் கட்டெறும்பு என்று சொல்லிவிடுவது நம் வழக்கம், அதனால் இதற்கென்று தனிப்பெயர் வாயில் வருவதில்லை. இலங்கையில் சிங்களத்தில் தனிப்பெயரே உண்டு, ஹத்பொலயா என்பார்கள்.

நீளம் 10 முதல் 13 மில்லிமீட்டர். ஒல்லியான, நீண்ட உடம்பு. கண் பெரிது, தலையின் பக்கவாட்டில் முட்டை வடிவத்தில் துருத்திக்கொண்டிருக்கும். இடுப்பில் இரண்டு முடிச்சு. கூட்டமாக வராது. பகலில் ஒன்றிரண்டு மட்டும் மரத்தண்டில் வேகமாக ஏறும், சட்டென்று நிற்கும், தலையைத் திருப்பும், மறுபடி ஓடும். விரலை நீட்டினால் மற்ற எறும்பு விலகி ஓடும். இது நின்று நம்மைப் பார்க்கும்.

மண்ணில் இது புற்று வைப்பதில்லை. மரத்தின் காய்ந்த கிளையிலும், பட்டுப்போன தண்டின் பொந்திலும்தான் குடியிருப்பு. இங்கேதான் நம் வாழ்க்கையோடு உரசுகிறது. உடை மரத்தில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறோம். காய்ந்த கம்பை வெட்டி வேலி வைக்கிறோம், விறகாக அடுக்குகிறோம். சித்தி அன்று கொடியிலிருந்து சேலையை உருவித் தோளில் போட்டார். மடிப்புக்குள் இருந்த எறும்பு கழுத்தில் கொட்டியது. ஊசி சுட்டுக் குத்தினது மாதிரி இருந்தது என்றார். கால் மணி நேரத்தில் உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இரைத்தது.

எல்லோருக்கும் அப்படி ஆகாது. பெரும்பாலானவர்களுக்குக் கடுமையான வலி, வீக்கம், ஒன்றிரண்டு நாள் அரிப்பு, அதோடு சரி. ஆனால் இந்த எறும்பின் விஷத்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். ஒருமுறை அப்படி ஆனவருக்கு அடுத்த கொட்டு இன்னும் மோசமாகலாம். பெயர் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். துணிக்கொடியை உயிர் மரத்தில் கட்டாமல் இரும்புக் கம்பியிலோ கல்தூணிலோ கட்டுங்கள். துணியை உதறி எடுங்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட கிளைகளை வெட்டிவிடுங்கள். மரத்தையே வெட்ட வேண்டாம். இது மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற வேட்டைக்காரன், அதற்கும் தோட்டத்தில் வேலை இருக்கிறது.

எறும்பு கொட்டினால் உடனே என்ன செய்ய வேண்டும்?

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். சொறிய வேண்டாம், கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம். சுண்ணாம்பு தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. தோல் வெந்துபோகும், விட்டுவிடுங்கள்.

மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நாக்கோ உதடோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல், வாந்தி: இவற்றில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள். அந்த நேரத்தில் உயிர் காக்கும் மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. முடிந்தால் எறும்பையோ அதன் படத்தையோ கையில் எடுத்துப் போங்கள்.

மஞ்சள் நிறம், நீளமான கால்கள், பைத்தியம் பிடித்தது மாதிரி ஓடுகிறது. திண்டுக்கல் பக்கம் வந்ததாகச் சொன்ன எறும்பு இதுவா?

2022இல் நத்தம் அருகே கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் பெருகி, செய்திகளில் அடிபட்டது மஞ்சள் பைத்திய எறும்பு. அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என்று பெயர். ஆடு மாடுகளின் கண்ணில் அமிலம் பட்டுப் பாதிப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு ஒரு கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

ஆனால் மஞ்சளாக ஒன்றைப் பார்த்தவுடன் இதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். சரிபார்க்க வழி இருக்கிறது. சீரகம் அளவு, 4 முதல் 5 மில்லிமீட்டர். உடம்பு ஒல்லி, கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். உணர்கொம்பின் முதல் கணுவே தலையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும், அதுதான் சரியான அடையாளம். இடுப்பில் ஒரு முடிச்சு. கொட்டாது, கடிப்பதும் பெரிதாக இல்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தொந்தரவு செய்தால் எல்லாத் திசையிலும் சிதறி ஓடும்.

பெரும்பாலும் மக்கள் கொண்டுவந்து காட்டுவது முசுறுதான். முசுறு இதைவிடப் பெரிது, மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும், வாயைத் திறந்துகொண்டு எதிர்த்து நிற்கும். பைத்திய எறும்புக்குக் கூடு என்று அழகாக எதுவும் இல்லை. பனை மட்டைக் குவியல், கல் இடுக்கு, மரத்தடிச் சருகு, கவிழ்த்துப் போட்ட பழைய வத்தைப் படகு, ஏதோ ஒரு நிழல் போதும்.

இந்தியாவில் இது நெடுங்காலமாகவே இருக்கிறது. பத்து இருபது எறும்பைப் பார்த்ததற்காகப் பயப்பட வேண்டாம். பல ராணிகள் ஒன்றாக வாழும் கூட்டம் என்பதால், வசதி கிடைத்தால் புற்றுக்குப் புற்று சண்டையில்லாமல் பெருகும். மரத்தண்டு தெரியாத அளவுக்கு மொய்த்தாலோ, கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி பக்கம் கூட்டமாகப் போனாலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். தனியாக மருந்து அடித்துத் தீர்க்கிற காரியம் இல்லை இது. செதில்பூச்சி, மாவுப்பூச்சி விடுகிற இனிப்பு நீர்தான் இதன் முக்கியச் சாப்பாடு. அந்தப் பூச்சிகளைக் குறைத்தால் இதுவும் குறையும்.

தோட்டத்தில் கிளறிவிட்ட மண். கால் பட்டதும் பத்து எறும்பு ஒரே நேரத்தில் கொட்டியது. சின்னதுதான், ஆனால் நெருப்பாக எரிந்தது.

நெருப்பெறும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சொலனாப்சிஸ் ஜெமினேட்டா. செம்பழுப்பு நிறம், 3 முதல் 8 மில்லிமீட்டர் வரை பல அளவுகள் ஒரே புற்றில். பெரியவற்றின் தலை சதுரமாக, உச்சியில் பிளவு விழுந்தது போல இருக்கும். இடுப்பில் இரண்டு முடிச்சு. தென்னைக்குத் தண்ணீர் பாய்கிற பாத்தி ஓரம், புல்தரை, பூந்தொட்டி இதெல்லாம் இதற்குப் பிடித்த இடம். சிலருக்கு அடுத்த நாள் சின்னக் கொப்புளம் போடும்.

இது நம் மண்ணின் எறும்பு இல்லை, அமெரிக்கக் கண்டத்தது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. கடலோடிகள் ஊர்களில் வாழ்கிற நமக்கு இது ஆச்சரியமாக இருக்கக் கூடாது, ஆனாலும் எனக்கு ஆச்சரியம்தான். கப்பலில் பாரத்துக்காக ஏற்றிய மண் போதும், ஒரு புற்று உலகம் சுற்றிவிடும்.

இன்றைக்கு அந்தக் கப்பலின் வேலையை நர்சரித் தொட்டியும் லாரி மண்ணும் செய்கின்றன. தென்னங்கன்று, பூச்செடி வாங்கி வந்தால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். உள்ளே புற்று இருந்தால் முட்டையும் புழுவுமாக மேலே வந்துவிடும்.

அடுப்படியில் வருகிற சின்ன எறும்புகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கடுகை விடச் சின்னதாக, தலை மட்டும் கறுத்து, பின்பக்கமும் காலும் கண்ணாடி போல வெளுத்திருந்தால் அது டாபினோமா மெலனோசெஃபலம். வெள்ளைத் தரையில் ஓடினால் கறுப்புப் புள்ளி மட்டும் நகர்வது மாதிரி தெரியும். விரலில் தேய்த்து முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காய் வாடை வரும். தீங்கு ஒன்றும் இல்லை.

கடுகு அளவில், உடம்பு முழுவதும் மஞ்சளாக, இடுப்பில் இரண்டு முடிச்சோடு மெதுவாக வரிசை போனால் மோனோமோரியம் ஃபாரோனிஸ். புண்ணிலும் அதற்குப் போட்ட கட்டுத்துணியிலும்கூட மேய்வதால் ஆஸ்பத்திரிகளில் இதைப் பெரிய தொல்லையாகக் கருதுகிறார்கள். இதற்கு மட்டும் ஸ்பிரே அடிக்கவே கூடாது. கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு ராணியைக் கூட்டிக்கொண்டு நாலு இடத்தில் புதுக்குடித்தனம் வைத்துவிடும்.

எள் அளவு, கருஞ்சாம்பல் நிறம், நீளக் கால், வளைந்து வளைந்து அதிவேகம்: பிள்ளையார் எறும்பு. பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ். கையில் ஏறினாலும் ஒன்றும் செய்யாது. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

உடம்பு மஞ்சள், பின்பக்கம் மட்டும் கறுப்பு, சுவிட்ச் பெட்டியிலும் துணி அலமாரியிலும் நடமாட்டம் என்றால் டிரைக்கோமிர்மெக்ஸ் டிஸ்ட்ரக்டர் என்று சந்தேகப்படுங்கள். ஒயரின் மேலுறையைக் கடித்து வைக்கும் எறும்பு இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைப் பார்க்கச் சொல்வது நல்லது.

மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?

வரிசையில் கண்ணுக்குத் தெரிவது கூட்டத்தின் சிறு பங்குதான். அதை அடித்துக் கொன்றால் புற்றுக்கு ஒன்றும் ஆகாது. ராணி உள்ளே இருக்கிறது. எறும்பு தானே சுமந்து கொண்டுபோய் உள்ளே ஊட்டுகிற மாதிரி இரை வைப்பதுதான் வேலை செய்யும்.

முதலில் அதற்கு என்ன பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு அட்டையில் மூன்று இடத்தில் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு, ஒரு துணுக்குக் கருவாடு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வையுங்கள். அரை மணி கழித்து எதில் கூட்டம் என்று தெரிந்துவிடும். இனிப்பில் மொய்த்தால் 200 மில்லி வெந்நீரில் 20 கிராம் சீனி, 2 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, அதன் பாதையில் விடுங்கள். போரிக் அமிலத்தைக் கூட்டிப் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குப் போய்ச் சேராது. ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். குழந்தை, ஆடு, கோழி தொட முடியாத இடமாக இருக்கட்டும்.

எறும்புச் சாக்பீஸை அடுப்படித் தரையில் கோடு கோடாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது பூச்சிக்கொல்லி. தவழுகிற பிள்ளை அதைத்தான் தொட்டு வாயில் வைக்கும்.

கருவாட்டுப் பானையையும் கருப்பட்டி வைத்த ஓலைக் கொட்டானையும் எப்படிக் காப்பாற்றுவது?

தண்ணீர்த் தட்டுதான். தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் கல் வைத்து அதன்மேல் பானை. சோப்புத் தண்ணீர் ரெண்டு சொட்டு விட்டால் மிதந்து கடக்க முடியாது. கொட்டானைச் சுவரில் சாய்க்காதீர்கள்.

தென்னையிலும் மாமரத்திலும் முசுறு கட்டியிருக்கிறது. அழிக்க வேண்டுமா?

ஏறுகிறவர் பாடு கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். ஆனால் இலையைத் தின்கிற புழு, வண்டு, நாவாய்ப்பூச்சி பலவற்றை அது வேட்டையாடுகிறது. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சியைக் கட்டுப்படுத்த இதன் கூடுகளை விற்று வாங்கியதாகக் கி.பி. 304ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று பேசுகிறது. வீட்டு வாசலுக்கு மேலே கட்டினால் மட்டும் அந்தக் கிளையைக் கழித்துவிடுங்கள். மற்றபடி இருக்கட்டும்.

கூட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இலை ஓரத்தை ஒரு வரிசை கவ்விப் பிடித்திருக்க, இன்னொரு வரிசை தன் புழுக்களை வாயில் பிடித்து இங்கும் அங்கும் தொட்டுத் தொட்டுத் தைக்கும். நூல் அந்தப் புழுவின் வாயிலிருந்து வருவது. நெசவில் தறிநாடா போய்வருவதை அப்படியே பார்க்கலாம்.

மணலில் ஒரு துளை, சுற்றி உமி வட்டமாகக் கிடக்கிறது. யார் வேலை?

தானியம் சேர்க்கும் எறும்பு. புல் விதையைச் சுமந்துபோய் உள்ளே உரித்து, தொலியை வெளியே கொட்டுகிறது. அறுவடைக்குப் பின் களத்து மேட்டில் பார்க்கிற அதே காட்சி, சின்ன அளவில். காலை வைத்துக் கலைக்காதீர்கள்.

துளையைச் சுற்றி உமிக்குப் பதில் கோழி இறகும் செத்த எறும்பும் அடுக்கியிருந்தால் அது டையகாமா. முன்னே சொன்ன ஒரு முடிச்சுக் கொடுக்குக்காரர் இவர்தான். கறுப்பு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், உடம்பில் கைரேகை போல வரிகள். இதன் புற்றில் தனியாக ராணி என்று ஒருத்தி கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தியே ஆணோடு சேர்ந்து முட்டையிடுகிறாள். இறகு அலங்காரத்துக்கு இல்லை, விடிகாலைப் பனி அதில் துளியாகக் கோத்து நிற்கும், எறும்பு அதைக் குடிக்கும். தண்ணீருக்கு அலைகிற நம் ஊரில் இதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது.

வெள்ளை முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறினால் மழை வருமா?

வாயில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் முட்டை இல்லை. எறும்பு முட்டை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், அவ்வளவு சிறிது. தூக்கிப் போவது புழுவும் கூட்டுப்புழுவும். புற்றில் ஈரம் ஏறினாலோ சூடு கூடினாலோ பிள்ளைகளை இடம் மாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் தரைக்குள் தண்ணீர் ஏறும்போது நம் வீட்டுக்குள் புது எறும்பு வருவதும் இதனால்தான். மழை நின்று மண் காய்ந்தால் பாதி தானே திரும்பிப் போய்விடும். அவசரப்பட்டு மருந்து தேட வேண்டாம்.

பெயர் உறுதியாகத் தெரிய யாரிடம் கேட்பது? எப்படிக் கொடுப்பது?

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போட்டால் எறும்பு தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். மூன்று படம் வேண்டும்: மேலிருந்து முழு உடம்பு, பக்கவாட்டில் இடுப்பு, நேருக்கு நேர் முகம். பக்கத்தில் ஒரு கடுகு இருக்கட்டும். செயலி தானாகச் சொல்கிற பெயரை மட்டும் நம்பாதீர்கள், மனிதர் உறுதி செய்யும்வரை பொறுங்கள். சில எறும்புகளை நுண்ணோக்கி இல்லாமல் இனம்வரை சொல்லவே முடியாது. பேரினம், அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதி, தெரிந்தாலே நமக்குப் போதும். இந்தியாவில் மட்டும் 800க்கு மேற்பட்ட எறும்பு வகைகள் பதிவாகியிருக்கின்றன.

மாதிரி கொடுப்பதானால் ஐந்தாறு எறும்பை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு சின்னப் பாட்டிலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிப் போடுங்கள். பெரியது சின்னது இரண்டும் இருக்கட்டும். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையிலும் கேட்கலாம். பாட்டிலுக்குள் ஒரு துண்டுத்தாள் அவசியம், பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சித்தி வீட்டு வேலியில் நான் எடுத்த முதல் பாட்டிலில் இன்னமும் இருக்கிற தாள் இது: "உச்சிப்புளி. உடை மரம், பட்ட கிளை, தரையிலிருந்து நாலடி. காலை ஏழு மணி. தனியாக ஏறியது. கொட்டும்."